டப்பாவுக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்?

2014 மே மாதக் கடைசியில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 18 வயது மாணவர் ஒருவர் தம் வீட்டில் இறந்து கிடந்தார். பள்ளிப் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கச் சில நாட்களே இருந்தன. பள்ளி மல்யுத்த அணியில் இருந்த, நோய்நொடி இல்லாத பிள்ளை. பிரேதப் பரிசோதனையில் தெரியவந்த காரணம் காஃபீன். இணையத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கும்படி விற்கப்பட்ட தூய காஃபீன் பவுடர் அது. அந்தப் பவுடரில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் ஏறத்தாழ 3,200 மில்லிகிராம், அதாவது 28 கோப்பை காபியில் இருக்கும் காஃபீன் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. பின்னர் எச்சரித்தது. உடம்பு தாங்கும் அளவுக்கும் உயிரை எடுக்கும் அளவுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சில கிராம்கள்தாம். சமையலறைக் கரண்டியால் அதை அளக்க முடியாது.

அந்த மாணவர் சட்டத்தை மீறவில்லை. அன்றைய நிலையில் பவுடரை விற்றவர்களும் மீறவில்லை. ஒரு வளரிளம் பிள்ளையின் கையில் இப்படியொரு பொருள் எந்தத் தடையும் இல்லாமல் எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை கேட்க விரும்பும் கேள்வி.

தேசிய அளவில் ஆடும் வீரருக்கு மருத்துவர் உண்டு, உணவு ஆலோசகர் உண்டு, எந்நேரமும் சிறுநீர் மாதிரி கேட்கக்கூடிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு உண்டு. நோயாளிக்கு மருந்துச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. சாயங்காலம் தெருமுனை ஜிம்முக்குப் போகும் பதினாறு வயதுப் பையனுக்கும், பள்ளிக் கபடி அணியில் இடம் பிடிக்க உடம்பு ஏற்றப் பார்க்கும் பிள்ளைக்கும், எடை குறைக்க 'ஃபேட் பர்னர்' தேடும் பெண்ணுக்கும் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. விளையாட்டை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளாத இவர்கள்தாம் எண்ணிக்கையில் மிக அதிகம். இவர்களை யாரும் சோதிப்பதில்லை. இவர்கள் சாப்பிடுவதையும் அநேகமாக யாரும் சோதிப்பதில்லை.

இந்த நிலைமையின் வேர் 1994இல் இருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா சப்ளிமென்ட்டுகளுக்கென்று ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி வைட்டமின், மூலிகை, அமினோ அமிலம் போன்றவை உணவின் வகையில் சேர்ந்தன. மருந்து என்றால் அது பலன் தரும், பாதுகாப்பானது என்று நிறுவனம் முதலில் நிரூபித்துவிட்டுத்தான் விற்க வேண்டும். சப்ளிமென்ட்டுக்கு வரிசை தலைகீழ். முதலில் விற்கலாம்; ஆபத்து என்றால் அதை அரசுதான் நிரூபிக்க வேண்டும். உலகத்தின் மிகப் பெரிய சப்ளிமென்ட் சந்தை இந்த ஏற்பாட்டின்மேல் வளர்ந்தது. இன்று உலகம் முழுக்க ஜிம் அலமாரிகளில் நிற்கும் பல டப்பாக்களின் வடிவமும் வாசகமும் விற்பனை உத்தியும் அந்தச் சந்தையில் உருவானவை.

நிரூபிக்க எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு எஃபெட்ரா என்ற செடியின் கதையே போதும். அதிலுள்ள எஃபெட்ரின் இதயத்தை விரட்டும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்புச் சூட்டைக் கூட்டும். எடை குறைக்கவும் சுறுசுறுப்புக்கும் என்று அது தாராளமாக விற்றது. 2002இல் இல்லினாய் மாநிலத்தில் பதினாறு வயதுப் பள்ளி விளையாட்டு வீரர் ஒருவர் எஃபெட்ரா எடுத்துக்கொண்ட நிலையில் இறந்தார். அடுத்த பிப்ரவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியின் 23 வயதுப் பந்துவீச்சாளர் ஸ்டீவ் பெக்லர் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலில் விழுந்து இறந்தார். அவர் உடலிலும் எஃபெட்ரா இருந்தது. இதற்கிடையே மெட்டபோலைஃப் என்ற நிறுவனம், தன் எஃபெட்ரா மாத்திரைகள் பற்றித் தனக்கு வந்திருந்த பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்ப் பதிவுகளை 2002இல்தான் அரசிடம் கொடுத்தது. அவற்றை முன்பே கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அன்று சட்டத்தில் இல்லை. தடை நடைமுறைக்கு வந்தது 2004 ஏப்ரலில். சட்டம் வந்து ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆகியிருந்தன. கடுமையான பக்கவிளைவுகளை நிறுவனங்கள் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற விதி 2006இல்தான் பிறந்தது.

ஒன்று போனால் இன்னொன்று வருகிறது. எஃபெட்ரா போன இடத்தில் டி.எம்.ஏ.ஏ. என்ற ரசாயனம் நுழைந்தது. 1940களில் மூக்கடைப்புக்கான மருந்தாக எலி லில்லி நிறுவனம் கொண்டுவந்து, பின்னாளில் சந்தையிலிருந்து மறைந்துபோன பொருள் அது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஜெரேனியம் செடியிலிருந்து கிடைக்கும் இயற்கைப் பொருள் என்ற பெயரில், பயிற்சிக்கு முன் குடிக்கும் 'பிரி-வொர்க்அவுட்' பவுடர்களில் தலைகாட்டியது. 2012 லண்டன் மாரத்தானில், நன்கொடை திரட்டுவதற்காக ஓடிய 30 வயதுப் பெண் ஒருவர் முடிவுக்கோட்டை நெருங்கும்போது சுருண்டு விழுந்து இறந்தார். அந்தச் சாவில் டி.எம்.ஏ.ஏ.வுக்குப் பங்கு இருக்கக்கூடும் என்று மரண விசாரணை சொன்னது. அவர் தொழில்முறை வீராங்கனை அல்லர். கடையில் கிடைப்பது பாதுகாப்பானதாகத்தான் இருக்கும் என்று நம்பிய சாதாரண ஓட்டக்காரர்.

இவையெல்லாம் டப்பாவின்மேல் அச்சிட்டிருந்த பொருட்கள். அச்சிடாதவை பற்றி ஆய்வுகள் சொல்வது இன்னும் கவலை தருகிறது. ஜெர்மனியின் கொலோன் நகர ஊக்கமருந்துச் சோதனைக்கூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்டுகளைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டது. அவற்றில் 94இல், ஏறத்தாழ 15 சதவீதத்தில், லேபிளில் சொல்லப்படாத ஹார்மோன் சார்ந்த பொருட்கள் இருந்தன. 2007 முதல் 2016 வரை எஃப்.டி.ஏ. விடுத்த எச்சரிக்கைகளை ஒன்றுதிரட்டிய ஆய்வு ஒன்று, மருந்து கலந்த 776 சப்ளிமென்ட்டுகளைக் கணக்கில் எடுத்தது. பெரும்பகுதி பாலுறவு ஊக்கத்துக்கும் எடை குறைப்புக்கும் விற்றவை. தசை வளர்ப்புக்கானவை 12 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. எடை குறைப்பு மாத்திரைகளில் இதயத்துக்குக் கேடு என்று விலக்கப்பட்ட சிபுட்ரமின் இருந்தது. தசைப் பவுடர்களில் செயற்கை ஸ்டீராய்டுகள் இருந்தன.

பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இது ஏன் மோசம்? எலும்பின் நுனிகளில் உள்ள வளர்ச்சித் தகடுகள் மூடும்வரைதான் உயரம் கூடும். அவற்றை மூடச் சொல்வது ஈஸ்ட்ரோஜன். ஆண்பிள்ளைகளின் உடலிலும் அதுதான். வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோன் வகைப் பொருட்களில் சில, உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறித் தகடுகளை முன்கூட்டியே மூடிவிடும். உடம்பு பருத்துத் தெரிய ஆசைப்பட்ட பையனின் உயரம் அத்தோடு நின்றுபோகலாம். மார்பு பெருக்கலாம், விதைகள் சுருங்கலாம், கல்லீரல் கெடலாம். இருபத்தைந்து வயதுக்காரருக்கும் இவற்றில் பல நேரும். ஆனால் நின்றுபோன உயரத்தைப் பிறகு எந்த மருத்துவராலும் திருப்பித் தர முடியாது.

நம் ஊரில் அதிகம் விற்பது ஸ்டீராய்டு கலந்த பவுடர் அன்று, சாதாரணப் புரதப் பவுடர்தான் என்று சொல்வார்கள். சரி, அதையே எடுத்துக்கொள்வோம். கொச்சியைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியக் அபி ஃபிலிப்ஸும் உடன் பணியாற்றியவர்களும் இந்தியாவில் விற்கும் 36 புரதச் சப்ளிமென்ட்டுகளைச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 70 சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரத அளவு சரியில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீதத்தில் அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நச்சு. 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சம். மூலிகைச் சாறு கலந்த சில பவுடர்களில் கல்லீரலைக் கெடுக்கக்கூடிய பொருட்களும் இருந்தன. அஃப்லடாக்சின் என்றால் பூசணம் பிடித்த வேர்க்கடலையில் வரும் அதே நச்சுதான்; நீண்டகாலம் உள்ளே போனால் கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவகுப்பது.

புரத அளவு இவ்வளவு எளிதாகத் தவறிப்போவது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று வேலைக்கு வழி சோதனை முறையிலேயே இருக்கிறது. 1883இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்டால் என்ற வேதியியலாளர் தானியத்தின் புரதத்தை அளக்க ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அவர் அளந்தது புரதத்தை அன்று, நைட்ரஜனை. புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் இருப்பதால், கிடைத்த நைட்ரஜனை 6.25 ஆல் பெருக்கினால் புரத அளவு வந்துவிடும். யாரும் கலப்படம் செய்யாத தானியத்துக்கு இது அருமையான முறை. இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்தச் சோதனை கேட்காது.

எனவே பாலிலிருந்து எடுக்கும் விலை கூடிய வே புரதத்தைக் குறைத்துவிட்டு மலிவான கிளைசின் என்ற தனி அமினோ அமிலத்தைக் கலந்தால், ஒரு கிராம் கிளைசின் சோதனையில் 1.17 கிராம் புரதமாகக் காட்டும். கிரியேட்டின் கலந்தால் ஒரு கிராம் இரண்டு கிராமாகக் காட்டும். டப்பாவில் 24 கிராம் என்று இருக்கும், சோதனைத் தாளிலும் 24 என்றே இருக்கும், தசைக்குப் போய்ச் சேருவது மட்டும் குறைவாக இருக்கும். சந்தையில் இதற்கு 'அமினோ ஸ்பைக்கிங்' என்று பெயர். இதே ஓட்டை வழியாகத்தான் 2008இல் சீனாவில் பால்பவுடருக்குள் மெலமைன் நுழைந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் கலந்த பால் சோதனையில் கெட்டிப் பாலாகத் தேறியது. ஆறு குழந்தைகள் இறந்தன, சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன, பலருக்குச் சிறுநீரகக் கல். அமினோ அமிலங்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் சோதனைகள் இருக்கின்றன. செலவு கூடுதல். கட்டாயப்படுத்தாவிட்டால் நிறுவனங்கள் தாமாக அந்தச் செலவை ஏற்கும் என்று நான் நம்பவில்லை.

புரதம் நஞ்சு என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பிள்ளைகளிடம் நம் பேச்சுக்கு இருக்கும் மதிப்பைக் கெடுத்துவிடும். சிறுநீரகம் நன்றாக இருக்கும் பையன் நல்ல தரமான வே புரதத்தை ஒரு ஸ்கூப் பாலில் கலந்து குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அது அவனுக்குத் தேவையா என்பது வேறு கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். கணக்கின்படி 16 முதல் 18 வயது ஆண்பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 55 கிராம் புரதம் வேண்டும். இரண்டு முட்டை, இரண்டு தம்ளர் பால், மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் என்றாலே 35 கிராமை நெருங்கிவிடும். இட்லி, சாதம், பருப்பு, மீன் என்று மீதிச் சாப்பாடு மிச்சத்தைத் தந்துவிடும். கடுமையாக எடை தூக்குபவர்களுக்குத் தேவை கூடும். ஆனால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை வளர்ச்சியில் கூடுதல் பலன் இல்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். 2024இல் ஐ.சி.எம்.ஆரும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தசைக்காகப் புரதப் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கச் சொன்னது. வீட்டில் சாப்பாட்டுக்கே வழியில்லாத பிள்ளையின் கதை வேறு. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது சாப்பாடு. அவன் அம்மா சேர்த்துவைத்த காசில் வாங்கிய டப்பா அதற்கு ஈடாகாது.

கிரியேட்டின் விஷயத்தில் நியாயமாகப் பேச வேண்டும். விளையாட்டுச் சப்ளிமென்ட்டுகளில் மிக அதிகமாக ஆராயப்பட்டவற்றில் அதுவும் ஒன்று. பெரியவர்களுக்குக் குறுகிய, வேகமான முயற்சிகளில் பலன் தருவதும் உண்மை. 1997இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் அடுத்தடுத்து இறந்தபோது சந்தேகம் கிரியேட்டின் மீது விழுந்தது. விசாரணையில் தெரியவந்த காரணம், எடைப் பிரிவுக்காகத் தண்ணீர் குடிக்காமல் வியர்வை வழியப் பயிற்சி செய்தது. இன்னொரு குழப்பமும் உண்டு. கிரியேட்டின் எடுப்பவர் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு சற்றுக் கூடும். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று வீடே பதறும். எடுப்பதை மருத்துவரிடம் சொல்லியிருந்தால் அந்தப் பதற்றம் இருக்காது. ஆனாலும் வளரும் உடம்பில் பல ஆண்டுகள் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரியவர்களிடம் இருக்கும் அளவுக்குச் சான்று இல்லை. அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் வளரிளம் பருவத்தினரிடையே அதை ஊக்குவிப்பதில்லை.

உண்மையான அச்சம் எனக்கு 'பிரி-வொர்க்அவுட்' பவுடர்மேல்தான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன கணக்குப்படி, பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை காஃபீன் கவலை தராது. 50 கிலோ பையனுக்கு அது நாள் முழுவதற்கும் 150 மில்லிகிராம். பல பவுடர்களில் ஒரே ஸ்கூப்பில் 200, 300 மில்லிகிராம் இருக்கும். காலையில் குடித்த காபி, கடையில் வாங்கிய எனர்ஜி டிரிங்க் எல்லாம் தனிக் கணக்கு. இதைத் தண்ணீரில் கலக்காமல் அப்படியே வாயில் கொட்டி விழுங்கும் பழக்கம் சமூக ஊடகக் காணொளிகள் வழியே பரவியது. கனடாவில் 16 முதல் 30 வயதுவரை உள்ளவர்களிடம் கேட்டபோது, ஆறில் ஒருவர் கடந்த ஓராண்டில் அதைச் செய்ததாகச் சொன்னார். அத்தனை காஃபீனும் மொத்தமாக ரத்தத்தில் ஏறும். மூச்சுக்குழலில் பவுடர் அடைக்கவும் செய்யும்.

பழகிய காஃபீன் போதாது என்று ஆகும்போது அடுத்த படி என்ன என்பதும் நமக்குத் தெரியும். மெஃபென்டெர்மைன் என்பது அறுவைச் சிகிச்சையின்போது ரத்த அழுத்தம் சரிந்தால் அதை ஏற்ற மயக்க மருந்து நிபுணர் போடும் ஊசி. ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் அதற்கு அடிமையாகி மனநலப் பிரிவுக்கு வந்த நேர்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சென்னையிலும் காவல்துறை அதைப் பறிமுதல் செய்திருக்கிறது. பவுடரிலிருந்து ஊசிக்கு எல்லோரும் போவதில்லை. ஆனால் உடம்புக்கு வெளியிலிருந்து ஏதாவது ஒன்று போட்டால்தான் பயிற்சி பலிக்கும் என்ற எண்ணத்தை முதலில் விதைப்பது பவுடர்தான்.

தனித்தனிச் சம்பவங்களை வைத்துப் பயமுறுத்துகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2004 முதல் 2015 வரை 25 வயதுக்கு உட்பட்டோர் பற்றி எஃப்.டி.ஏ.வுக்கு வந்த 977 அறிக்கைகளை ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2019இல் அலசினார்கள். ஏறத்தாழ 40 சதவீதத்தில் மருத்துவமனை அனுமதி, உடல் ஊனம், சாவு போன்ற கடும் விளைவுகள். வைட்டமின்களோடு ஒப்பிட்டால், எடை குறைப்பு, தசை வளர்ப்பு, சுறுசுறுப்பு ஆகியவற்றுக்காக விற்றவற்றில் கடும் விளைவின் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு.

பையனிடம் இதையெல்லாம் யார் சொல்வது? அவன் கேட்பது ஜிம் மாஸ்டர் பேச்சைத்தான். அவர்மேல் அவனுக்கு இருக்கும் மரியாதை பல வீடுகளில் அப்பாவுக்குக்கூட இல்லை. நல்ல மாஸ்டர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். முட்டையும் தூக்கமும் போதும் என்று சொல்லி அனுப்புபவர்களை நானே கண்டிருக்கிறேன். ஆனால் உறுப்பினர் கட்டணத்தில் வாடகை கட்டவே திணறும் சின்ன ஜிம்முக்குப் பவுடர் விற்பனையில் வரும் கமிஷன் பெரிய ஆதரவு. அறிவுரை சொல்பவரும் விற்பவரும் ஒரே ஆளாக இருக்கும்போது 'இந்த வயதில் வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு மனம் வந்தாலும் கணக்குப் புத்தகம் வராது. மருத்துவர் தாமே மருந்துக்கடை நடத்தினால் நமக்கு எழும் சந்தேகம் இங்கே ஏன் எழுவதில்லை?

நியூயார்க் மாநிலம் ஒரு வழி காட்டியிருக்கிறது. 2024 ஏப்ரல் 22 முதல், எடை குறைப்புக்கும் தசை வளர்ப்புக்கும் என்று விற்கும் சப்ளிமென்ட்டுகளை 18 வயதுக்கு உட்பட்டோருக்கு அங்கே விற்கக் கூடாது. அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் அது. வெறும் புரதப் பவுடருக்கு விலக்கு உண்டு. எடை குறைப்புக்கோ தசைக்கோ என்று வேறு பொருள் சேர்ந்தால் விலக்கு போய்விடும். வயதைப் பார்க்கும் பொறுப்பு கடைக்காரருடையது, இணையத்தில் விற்பவருடையதும்கூட. பிள்ளைகளைக் குற்றவாளி ஆக்காமல் விற்பனையைக் கட்டுப்படுத்துவதால் இது நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். இந்தியாவில் சப்ளிமென்ட்டுகளுக்கு 2016இன் ஒழுங்குவிதிகள் உண்டு. 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று' என்று டப்பாவில் அச்சிட வேண்டும். மருந்தைப்போல மனிதரிடம் சோதித்து நிரூபித்த பிறகே விற்க வேண்டும் என்ற நிபந்தனை இங்கும் இல்லை.

டப்பாவில் இருக்கும், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண்ணைப் பார்த்துப் பெற்றோர் நிம்மதி அடைகிறார்கள். அந்த எண் நிறுவனத்துக்குக் கொடுத்த உரிமத்தின் எண். கையில் இருக்கும் டப்பாவை யாரோ திறந்து சோதித்தார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. ஊக்கமருந்துப் பொருட்கள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியையும் சோதித்துச் சான்றளிக்கும் 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' போன்ற வெளி அமைப்புகள் உண்டு. டப்பாவின் பேட்ச் எண்ணை அவர்களுடைய தளத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சின்னத்தை மட்டும் போலியாக அச்சிடுவது எளிது.

அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு வழி நம் சட்டத்திலேயே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி, உணவுப்பொருளை வாங்கும் யாரும் கட்டணம் கட்டி அதை அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். வாங்கும்போதே விற்பவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். பொருள் விதிகளை மீறியது என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரு குடும்பத்துக்கு இது அலைச்சல்தான். ஒரு பள்ளியோ, நகரத்து ஜிம் உரிமையாளர்கள் சேர்ந்த சங்கமோ தாங்கள் அதிகம் விற்கும் ஐந்தாறு டப்பாக்களை இப்படிச் சோதனைக்குக் கொடுத்து, முடிவை வாசலில் ஒட்டலாம். மாவட்ட நியமன அலுவலரின் அலுவலகத்தில் அதற்கான விவரம் கேட்கலாம்.